குவாண்டம் கிணற்று உணரி: 60 கெல்வினுக்குக் கீழே போயும் இருட்டு ஓட்டம் இறங்குதில்லை

வடலி
வணக்கம் எல்லாருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து எழுதுறன். கலியம் ஆசனைட்டுக் குவாண்டம் கிணற்று உணரி (மெல்லிய அரைக்கடத்திப் படைகளுக்குள்ள இலத்திரனை அடைச்சு வைச்சு அகச்சிவப்புக் கதிரை உணருறது), ஒற்றைப் பிக்சல், 8–9 மைக்ரோமீற்றர் அலைநீளத்துக்கு. அடுக்கு விபரம்:

அரைக்காவலி அடித்தட்டு, அதுக்கு மேல 1 மைக்ரோமீற்றர் கீழ்த் தொடுகைப் படை, பிறகு 50 கிணறு. ஒவ்வொரு கிணறும் 5.2 நனோமீற்றர், இடையில தடுப்பு 50 நனோமீற்றர், தடுப்பில அலுமினியப் பங்கு 0.26. கிணற்றுக்குள்ள மட்டும் சிலிக்கன் மாசூட்டல், கன செ.மீ.க்கு 5×10¹⁷. மேல்த் தொடுகை அரை மைக்ரோமீற்றர். மேசை (சுத்திவரப் பொறிச்சு விட்ட உணரி மேடு) 200க்கு 200 மைக்ரோமீற்றர், விளிம்பு 45 பாகையில மினுக்கினது. குளிரூட்டி மூடிய சுற்று ஹீலியம் வகை.

1 வோல்ற்றில இருட்டு ஓட்டம் (கதிர் விழாமலே ஓடுற மின்னோட்டம்):
77 கெல்வின்: 49 நனோஅம்பியர்
70: 14.4
65: 10.0
60: 9.1
50: 9.0

77க்கும் 65க்கும் இடையில சரிவு எடுத்தால் கிளர்வுச் சத்தி (இலத்திரன் கிணற்றை விட்டு வெளியேறத் தேவையான சத்தி) 51 மி.இ.வோ. (மில்லி இலத்திரன்வோல்ற்று) தான் வருது. படிகக் குறைபாட்டால வாற கசிவோ இது? அடுத்தது, முடிவிலாக் கிணற்றுச் சூத்திரத்தில (தடுப்பு எல்லையில்லா உயரம் எண்டு எடுக்கிறது) போட்டால் உணர்வு உச்சம் 2 மைக்ரோமீற்றர் எண்டு வருது. அலுவல் எங்க பிழைச்சது எண்டு விளங்கேல்லை.

துலா
இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அது சுலபம். முடிவிலாக் கிணறு இங்கே பொருந்தாது. 5.2 நனோமீற்றருக்கும் பயனுறு திணிவு (படிகத்துக்குள் இலத்திரன் காட்டும் திணிவு, சுயாதீன இலத்திரனின் பங்காக) 0.067க்கும் அந்தச் சூத்திரம் தரை மட்டத்தையே 207 மி.இ.வோ.வில் வைக்கிறது. உங்கள் தடுப்பின் உயரமே 211 தான். தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிகிற கிணற்றுக்கு ஆழம் கேட்பது போல.

தடுப்பு உயரம் வருவது இப்படி: பட்டை இடைவெளி வித்தியாசம் 1.247 × 0.26 = 0.324 இலத்திரன்வோல்ற்று. அதில் கடத்தல் பட்டைக்குப் போவது ஏறக்குறைய 65 வீதம், அதாவது 0.211. இனி முடிவுள்ள கிணற்றுச் சமன்பாட்டைத் தீருங்கள். தடுப்புக்குள் பயனுறு திணிவை 0.089 ஆக எடுங்கள், எல்லையில் சரிவைத் திணிவால் வகுத்து ஒட்டுங்கள். தரை மட்டம் 69 மி.இ.வோ. வரும். இரண்டாவது மட்டம் கிட்டத்தட்டத் தடுப்பின் விளிம்பிலேயே உட்காரும். வித்தியாசம் 142, அது 8.7 மைக்ரோமீற்றர்.

இரண்டாவது மட்டத்தை விளிம்பில் வைத்தது தற்செயல் இல்லை. அது கிணற்றுக்குள் ஆழமாகக் கிடந்தால், ஒளி ஏற்றிவிட்ட இலத்திரன் வெளியே வரத் தடுப்பை ஊடுருவ வேண்டும், அதற்குக் கூடிய மின்னழுத்தம் தேவை. மிக மேலே போனால் நிறமாலை அகன்று, உறிஞ்சலும் குறையும். ஆகவே அகலத்தை மட்டும் மாற்றி அலைநீளத்தை நகர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம். அலுமினியப் பங்கும் அகலமும் சோடியாக நகர வேண்டும். பங்கை 0.30 ஆக்கினால் அகலம் 4.8க்கு இறங்கும், உச்சம் 7.5க்குப் போய்விடும்.

இது எளிய கணக்கு. இலத்திரன்களுக்கிடையேயான தாக்கங்களைச் சேர்த்தால் உச்சம் கொஞ்சம் நகரும். நிறமாலைமானியில் அளந்ததைத்தான் நம்ப வேண்டும்.

உப்புக்காற்று
தம்பி, குறைபாடு எண்டு அவசரப்பட்டு முடிவெடுக்காதேங்கோ. அந்த 9.0ஐப் பாருங்கோ. 60க்கும் 50க்கும் இடையில அசையவே இல்லை. வெப்பத்தால வாற ஓட்டம் அப்பிடி நிக்காது. உங்கட உணரி இருட்டில இல்லை. அது ஏதோவொரு சூடான சாமானைப் பாத்துக்கொண்டு இருக்கு.

எல்லா அளவீட்டிலயிருந்தும் 9ஐக் கழியுங்கோ: 40, 5.4, 1.0, 0.1. இப்ப 77க்கும் 65க்கும் இடையில மடக்கை எடுங்கோ. 40 மடங்கு, அதில வெப்பநிலைக் காரணி 77/65ஐ நீக்கினால் மடக்கை 3.52 வரும். கிளர்வுச் சத்தி 126 மி.இ.வோ. வெட்டு அலைநீளம் (இதுக்கு மேல உணரி பதில் சொல்லாது) 9.2 எண்டு எடுத்தால் 135, அதில பேர்மி மட்டம் (கிணற்றுக்குள்ள இலத்திரன் நிரம்பி நிக்கிற உயரம்) 9 போக 126. மாசூட்டல் 5×10¹⁷ஐ 5 நனோமீற்றரால பெருக்கினால் சதுர செ.மீ.க்கு 2.5×10¹¹, அதுக்குப் பேர்மி மட்டம் ஒம்பது தான். படிகம் நல்ல படிகம்.

அந்த 9 நனோஅம்பியர் எங்கயிருந்து வருது? இரண்டு இடம் தான்.

ஒண்டு, உணரியைச் சுத்தி மூடியிருக்கிற கதிர்க் கவசத்தில ஓட்டை. அறைச் சூட்டுக் கதிர் நேர உள்ள வருது. இந்த மேசை முழு அரைக்கோளத்தையும் 300 கெல்வினில பாத்தால் கிட்டத்தட்ட 250 நனோஅம்பியர் வரும். அதில ஒரு சின்னப் பங்கு போதும் 9 வர.

மற்றது, கவசம் முழுசா மூடி இருக்கு, ஆனால் அது குளிரேல்லை. 9 மைக்ரோமீற்றரில 300 கெல்வினோட ஒப்பிட்டால் 185 கெல்வின் கவசம் 27 மடங்கு குறைவாத்தான் போட்டன் விடும். 250ஐ 27ஆல பிரியுங்கோ. அதே 9!

எது எண்டு பிரிச்சுப் பாக்க வழி: ஈயப்பற்றுக் கோலைச் சூடாக்கி யன்னலுக்கு முன்னால பிடியுங்கோ. ஓட்டம் உடன துள்ளினால் ஓட்டை. அசையாமல் இருந்து, மணித்தியாலக் கணக்கில மெல்ல மெல்ல இறங்கினால் கவசம் சூடு.

சுருட்டுப்பெட்டி
குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். இப்ப குளிரூட்டாத மைக்ரோபொலோமீற்றர் கமரா கையடக்கத்தில வருது. ஒரு உணரிக்கு ஹீலியம் குளிரூட்டி, கவசம், வெற்றிடப் பம்பி எண்டு இவ்வளவும் ஏன்?

உப்புக்காற்று
தோட்டத்து மோட்டர் சூடாகுதோ எண்டு பாக்கிறதுக்கு உது தேவையில்லைத்தான் அண்ணை. மைக்ரோபொலோமீற்றர் சூடாகி ஆறித்தான் பதில் சொல்லும், நேர மாறிலி பத்து மில்லிசெக்கன் கணக்கில. கெதியா ஓடுற சாமான் இழுபடும். அதோட ஒரு ஒடுங்கின பட்டையை மட்டும் பாக்கோணும் எண்டால் அதுக்கு ஒளி காணாது. குவாண்டம் கிணற்று அணியில் வெப்பநிலை வித்தியாசம் 20–30 மில்லிகெல்வின் வரை பிரிச்சுக் காட்டலாம், பட்டையும் தானாகவே ஒடுக்கம்.

துலா
நியாயமாகச் சொன்னால், குவாண்டம் கிணறு உணர்திறனில் முதலிடம் இல்லை. போட்டிப் பொருளான பாதரச கட்மியம் தெலுரைட்டின் குவாண்டத் திறன் (விழும் போட்டன்களில் இலத்திரனைக் கிளப்பும் பங்கு) 70 வீதத்துக்கு மேலே போகும். இதில் ஆதாயத்தையும் (கிளம்பிய இலத்திரன் உணரியின் தடிப்பைச் சராசரியாக எத்தனை மடங்கு கடக்கிறது என்ற காரணி) பெருக்கிய பிறகு நிற்பது சில வீதம், நல்ல நெய்யரி (ஒளியைச் சாய்த்துத் திருப்பும் நுண்வரி அமைப்பு) போட்டால் பத்துக்குக் கிட்ட. ஒரே வெப்பநிலையில் இருட்டு ஓட்டமும் கூட. பிறகு ஏன் பிழைத்துக்கொண்டது என்றால் சீர்மைக்காக. கலியம் ஆசனைட்டு வளர்ப்பு முதிர்ந்த தொழில். தட்டு முழுவதும் அலைநீளம் ஒரே இடத்தில் நிற்கும், தாழ்மீடிறன் இரைச்சல் குறைவு, ஒருமுறை செய்த சீராக்கம் நீண்ட நேரம் பிடித்து நிற்கும். இலட்சக்கணக்கான பிக்சல் உள்ள அணியில் படத்தின் தரத்தை முடிவு செய்வது தனிப் பிக்சலின் திறன் அல்ல, பிக்சல்களுக்கிடையிலான வேறுபாடு.

வரலாறு தேடுபவர்களுக்கு: கிணற்றின் உள்மட்டங்களுக்கிடையே வலிய உறிஞ்சலை 1985இல் வெஸ்ற்றும் எக்லாஷும் காட்டினார்கள். 1987இல் பெல் ஆய்வுகூடத்தில் லெவீன் குழு அதை உணரியாக்கியது. பெரிய அணிகளை வளர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்துச் சரத் குணபால, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இப்போது அதே துறையில் இரண்டாம் வகை மீசாலகங்கள் (மிக மெல்லிய படைகளை மாறி மாறி அடுக்கிய அமைப்புகள்) இடத்தைப் பிடித்து வருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் அதையும் பார்க்க வேண்டும்.

முற்றம்
நாங்கள் ஒவ்வொரு நாளும் பாவிக்கிற குவாண்டம் கிணற்று அணி வானத்தில இருக்கு. லான்ட்சாற் 8 (2013 பெப்ரவரியில ஏவினது), லான்ட்சாற் 9 (2021 செப்ரெம்பரில ஏவினது) எண்ட புவி நோக்குச் செய்மதி இரண்டிலயும் வெப்பக் கருவி இதே வகை. 640×512 அணி மூண்டு பக்கம் பக்கமா நிண்டு 185 கிலோமீற்றர் அகலத்தைத் துடைக்கும். பட்டை 10 எண்டால் 10.6–11.19 மைக்ரோமீற்றர், பட்டை 11 எண்டால் 11.5–12.51. அலைநீளம் கூடினால் தடுப்பு தாழும், ஆகவே கூடக் குளிரவும் வேணும். உணரியை 43 கெல்வினுக்குக் கீழே வைச்சிருக்கினம். வடலியின்ட 8.7 உணரிக்கு 65 போதும், அங்க போதாது.

யாழ்ப்பாணக் கடனீரேரியில பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. தரவுப் பிக்சல் 30 மீற்றர் எண்டு எழுதியிருக்கும், ஆனால் உணரி பாத்தது 100 மீற்றர். பண்ணைப் பாலம் மாதிரி ஒடுங்கின இடத்தில தாரும் தண்ணியும் கலந்த வெப்பநிலை தான் வரும். கரையிலயிருந்து 30 மீற்றர்ப் பிக்சல் குறைஞ்சது நாலு விட்டு உள்ளுக்கு எடுங்கோ. லான்ட்சாற் தரவின்ட இரண்டாம் தொகுப்பு மேற்பரப்பு வெப்பநிலைக்குப் பிக்சலில இருக்கிற எண்ணை 0.00341802ஆல பெருக்கி 149 கூட்டினால் கெல்வின். 45000 எண்டால் 302.8, அதாவது 29.7 பாகை செல்சியஸ். மாரியில முகில் மறைக்கும், மாசியிலயிருந்து தேடுங்கோ.

இன்னொண்டு, இந்த இழையோட பொருந்துறது. லான்ட்சாற் 8இல பார்வைப் புலத்துக்கு வெளியால வந்த அலை ஒளி உணரியில விழுந்து வெப்பநிலையைக் கூட்டிக் காட்டினது, பட்டை 11 தான் மோசம். கணிப்பால ஒரு திருத்தம் பிறகு போட்டவை. லான்ட்சாற் 9இல உள்ளுக்குத் தடைத்தட்டு வைச்சே அதைக் குறைச்சிட்டினம். வடலிக்கு வந்த வருத்தம் பெரிய ஆக்களுக்கும் வந்தது தான்.

வடலி
நன்றி. ஈயப்பற்றுக் கோல் வைச்சுப் பாத்தாச்சு, அசைவில்லை. ஆனால் நாலு மணித்தியாலம் விட்டுப் பாக்க 9.0 இறங்கி 8.2க்கு வந்திட்டுது. கவசம் அலுமினியக் குழாய், குளிர்விரலில (குளிரூட்டியின்ட குளிர் முனை) ரெஃப்லோன் வளையம் வைச்சு அதுக்கு மேல இருக்குது. மின்தொடர்பு படக்கூடாது எண்டு வைச்சது.

உப்புக்காற்று
அப்ப ஆள் பிடிபட்டுது. ரெஃப்லோன் வெப்பக் காவலி. வெளிச் சுவரில இருந்து வாற கதிர் கவசத்தைச் சூடாக்கும், அந்தச் சூடு இறங்கிப் போக வழியில்லை. கவசம் மூடினால் போதாது, குளிரோணும்.

செய்ய வேண்டியது: 1 மி.மீ. செம்புத் தகட்டில தொப்பி அடியுங்கோ. உணரி இருக்கிற அதே செம்புக் கட்டையிலயே திருகோணும், இடையில 0.1 மி.மீ. இந்தியம் (indium) எண்ட மென்மையான உலோகத் தகடு. மின்காப்பு வேணும் எண்டால் உணரியின்ட சிப்புக்குக் கீழ சஃபயர்த் துண்டு வையுங்கோ. அது குளிரில வெப்பத்தை நல்லாக் கடத்தும், மின்னைக் கடத்தாது. கம்பி வெளியால போற துளை நேர் கோட்டில இருக்கக்கூடாது, ஒரு முழங்கை வளைவு விட்டு எப்பொக்சியில கரித்தூள் கலந்து அடையுங்கோ. தொப்பிக்கு உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் மினுக்கம். ஆக்கள் மாறிச் செய்யிறது இதைத்தான், உள்ளுக்கு மினுக்கினால் துளையால வந்த கதிர் பத்துத்தரம் தெறிச்சு உணரியில தான் முடியும்.

கலியம் ஆசனைட்டு 9 மைக்ரோமீற்றருக்குக் கண்ணாடி மாதிரி. முன்பக்கத்தை மட்டும் மறைச்சுப் பிரயோசனமில்லை, அடித்தட்டின்ட பக்கவாட்டாலயும் பின்னாலயும் கதிர் ஏறும். தொப்பி சிப்பைச் சுத்தி முழுக்க மூடோணும்.

வெப்பநிலை உணரியைக் குளிர்விரலில வைக்காமல் சிப்புக்குப் பக்கத்தில வையுங்கோ. 77இலயிருந்து 65க்குப் போக ஓட்டம் 40 மடங்கு மாறுது எண்டால், 1 கெல்வின் பிழை ஓட்டத்தை மூண்டில ஒரு பங்கு மாத்தும்.

சுருட்டுப்பெட்டி
ஹீலியம் குளிரூட்டி இல்லாமல் இதைச் செய்யேலாதோ?

உப்புக்காற்று
ஏலும். திரவ நைதரசன் குடுவை 77 தரும். ஆவியைப் பம்பியால இழுத்தால் 65 வரை இறக்கலாம். 63இல நைதரசன் உறைஞ்சு போகும், அதுக்குக் கீழ வேண்டாம். 8.7 உணரிக்கு 77–65 வீச்சே காணும்.

எங்கட பக்கத்தில வாற வேற சில்லெடுப்பு: வாடைக் காலத்தில ஈரப்பதன் கூட, குடுவையைத் திறந்து வைச்சிட்டு உடன மூடிப் பம்பி போட்டால் சுவரில ஒட்டின தண்ணி மணிக்கணக்கில வந்துகொண்டிருக்கும். 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழ போக முதல் குளிராக்கினால் அந்தத் தண்ணி உணரியில பனியாப் படியும். பனி இந்தப் பட்டையிலயே உறிஞ்சும், நிறமாலை கோணலா வரும். குடுவையை 60 பாகையில ஒரு இரவு சூடாக்கிப் பம்பி ஓட விட்டிட்டுக் குளிராக்குங்கோ. கரண்ட் நிண்டால் குளிரூட்டியின்ட அமுக்கி நிக்கும், உணரி சூடேறும், உறைஞ்ச வாயு எல்லாம் ஒண்டா விடுபடும். அழுத்தம் தணிக்கிற வால்வு இல்லாத குடுவையில இதைச் செய்யாதேங்கோ.

துலா
கவசம் சரியான பிறகு செய்யவேண்டியவை.

முதலில் முனைவாக்கச் சோதனை. கிணற்றின் மட்டங்களுக்கிடையே தாவ, மின்புலத்துக்கு வளர்ச்சித் திசையில் கூறு இருக்க வேண்டும். நேர் செங்குத்தாக விழும் ஒளியில் அந்தக் கூறு இல்லை, அதனால்தான் 45 பாகை விளிம்பு. கம்பி நெய்யரி முனைவாக்கியை யன்னலுக்கு முன்னால் வைத்துச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் முழுப் பதிலும், 90 பாகை திருப்பினால் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால் விளிம்பு சரியாக மினுக்கவில்லை, அல்லது ஒளி வேறு வழியால் சிதறி வருகிறது. மினுக்கும்போது அலுமினா 9, 3, 1, 0.3 மைக்ரோமீற்றர் என்று இறங்குங்கள், எப்போதும் ஈரத்தில். தூசியில் ஆசனிக்கு இருக்கிறது, உலர் அரைப்பு கூடாது, கழுவிய நீரைத் தொட்டிக்குள் விடவும் கூடாது.

அடுத்தது ஆதாயம். இரைச்சல் ஓட்டத்தின் வர்க்கம் 4 × இலத்திரன் ஏற்றம் × ஆதாயம் × இருட்டு ஓட்டம் × பட்டையகலம். ஓட்டம் 1 மைக்ரோஅம்பியரில் 1 ஹேர்ட்சுக்கு 0.44 பிக்கோஅம்பியர் வந்தால் ஆதாயம் 0.30. உங்கள் 40 நனோஅம்பியரில் அது 0.09 பிக்கோவாக இறங்கும், முன்பெருக்கியின் இரைச்சல் அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளக்கவும். பதில்திறன் அலைநீளத்தை 1.24ஆல் வகுத்து, குவாண்டத் திறனாலும் ஆதாயத்தாலும் பெருக்கியது. குவாண்டத் திறன் 10 வீதம் என்றால் வாற்றுக்கு 0.21 அம்பியர். இதிலிருந்து மிக விலகினால் கரும்பொருளின் (சோதனைக்கு வைக்கும் வெப்பக் கதிர் மூலம்) துளை விட்டத்தையும், துண்டாடியின் (கதிரை விட்டு விட்டு மறைக்கும் சுழல்தட்டு) காரணியையும் மீண்டும் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான்.

மாசூட்டலைக் கூட்டினால் உறிஞ்சல் கூடும் என்று ஆசைப்படலாம். பேர்மி மட்டம் ஏற ஏற இருட்டு ஓட்டம் அடுக்குக்குறியில் ஏறும். உணரியின் சொந்த இரைச்சல் ஆட்சி செய்யுமிடத்தில் நல்ல இடம் பேர்மி மட்டம் வெப்பச் சத்தியின் இரண்டு மடங்கு. 70 கெல்வினில் அது 12 மி.இ.வோ. உங்கள் 9 கிட்டத்தான் நிற்கிறது.

முற்றம்
ஒற்றைப் பிக்சலில இருந்து அணிக்குப் போனால் 45 பாகை விளிம்பு செய்யேலாது தானே?

துலா
செய்யேலாது. ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் இருதிசை நெய்யரி பொறிப்பார்கள். 8.5 மைக்ரோமீற்றருக்கு ஆவர்த்தனம் ஏறக்குறைய 2.7, ஆழம் 0.66 மைக்ரோமீற்றர், முறிவுச் சுட்டி 3.2 என்று எடுத்தால். மேலே பொன். ஒளி பின்னாலிருந்து வந்து நெய்யரியில் தெறித்துச் சாய்ந்து திரும்பும். பிக்சல் சிறுத்தால் நெய்யரியில் சில ஆவர்த்தனங்களே மிஞ்சும், விளைவு மங்கும்.

இந்தியம் உலோகப் புடைப்பு வைத்துச் சிலிக்கன் வாசிப்புச் சுற்றில் கவிழ்த்து அழுத்திய பிறகு, அடித்தட்டை முழுவதும் அரைத்துக் கரைத்து நீக்க வேண்டும். கலியம் ஆசனைட்டு குளிரில் சுருங்குவது சிலிக்கனைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தடித்த தட்டோடு 70 கெல்வினுக்கும் அறைக்கும் நூறு தரம் ஏறி இறங்கினால் ஓரத்துப் புடைப்புகள் கழன்று, படத்தின் மூலையில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். மெல்லியதாக்கினால் படை சிலிக்கனோடு சேர்ந்து நெளியும். பக்கத்துப் பிக்சலுக்கு ஒளி ஓடுவதும் நின்றுவிடும்.

வடலி
செம்புத் தொப்பி போட்டாச்சு, இந்தியம் தகட்டோட. புது அளவீடு, 1 வோல்ற்று:

77: 40 நனோஅம்பியர்
70: 5.4
65: 1.05
60: 0.16
50: 0.02

கிளர்வுச் சத்தி 126 வருது. ஆனால் 50இல 20 பிக்கோஅம்பியர் நிக்குது. கணக்குப்படி 1 பிக்கோ தானே வரோணும்? இன்னும் கதிர் வருதோ, கிணற்றுக்குக் கிணறு ஊடுருவலோ?

துலா
50 நனோமீற்றர் தடுப்பில் ஊடுருவல் அவ்வளவு வராது. 1 வோல்ற்றில் 20 பிக்கோ என்றால் 5×10¹⁰ ஓம். அது உணரியின் எண்ணாகத் தெரியவில்லை. வேறெங்கோ இணையாக ஒரு தடை இருக்கிறது.

உப்புக்காற்று
குடுவைக்கு உள்ள கம்பியை உணரிக் காலில இருந்து கழற்றி விட்டிட்டு அதே 1 வோல்ற்றில அளந்து பாருங்கோ தம்பி.

வடலி
கழற்றியாச்சு. 19 பிக்கோ.

உப்புக்காற்று
அப்ப அது இணைப்பியில படிஞ்ச ஈரமும் உப்பும். குடுவைக்கு வெளிப்பக்கச் செருகியின்ட வெள்ளைக் காவலியை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில துடைச்சு, தலைமயிர் காயவைக்கிற மிசினைக் குறைஞ்ச சூட்டில பத்து நிமிசம் பிடியுங்கோ. விரலால தொடாதேங்கோ. பிறகு மூவச்சுக் கம்பி எடுத்து, நடுக் கவசத்தை அளவியின்ட காவல் முனையில குடுங்கோ. அளக்க முதல் அறைக் குளிரூட்டியை ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கோ, ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழ வரட்டும்.